ஒரு வெற்றிருக்கை



கடந்த ஆண்டு எமது வகுப்பிற் பாரி வள்ளலின் கதையைக் கற்பித்துக்கொண்டிருந்தோம். பற்றிப் படரக் கொழுகொம்பின்றி வாடிய முல்லைக்கொடிக்கு அம்மன்னன் தன் தேரையே விட்டுச் சென்றான் என்று கூறியதும் மாணவன் ஒருவன் எழுந்து, "ஒரு தடியை நட்டிருந்தாற் போதாதா, சேர்?" என வினவினான். வகுப்பே சிரித்தது. அன்று எம்மால் ஏற்ற விடை கூற இயலவில்லை. பின்னர், ஐக்கிய அமெரிக்காவிற் பாரவூர்திச் சாரதிகள் சிலர் ஆற்றும் தொண்டினை அறிந்தபோது, அவ்வினாவை மீண்டும் எண்ணிப் பார்த்தோம்.

2005 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29 ஆம் திகதி கத்ரீனா சூறாவளி அந்நாட்டின் தென்கரையைத் தாக்கியது. வெள்ளத் தடுப்பணைகள் உடைந்தமையால் நியூ ஓர்லியன்ஸ் நகரின் ஏறத்தாழ 80 சதவீதம் நீரில் மூழ்கிற்று. மக்களை மீட்க வந்த வாகனங்கள் பலவற்றில் வளர்ப்புப் பிராணிகளுக்கு இடமளிக்கப்படவில்லை. பேருந்தில் ஏறவிருந்த சிறுவன் ஒருவனிடமிருந்து அவனது வெண்ணிற நாய்க்குட்டி பிரிக்கப்பட்டதையும், அவன் அதன் பெயரைச் சொல்லிக் கதறியதையும் செய்தித்தாள்கள் வெளியிட்டன. தம் நாயை விட்டகல மனமின்றி வெள்ளத்தின் நடுவே வீட்டிலேயே தங்கிவிட்டோரும் பலர். இவ்வனுபவத்தின் பயனாக, அனர்த்த காலத் திட்டங்களில் வளர்ப்புப் பிராணிகளையும் கருத்திற்கொள்ள வேண்டுமென 2006 இல் அந்நாட்டிற் சட்டம் இயற்றப்பட்டது.

அச்சட்டம் பிறக்குமுன்னரே, 2005 இல், பாரவூர்தி ஓட்டும் பெண்மணி ஒருவர் 'ஒப்பரேஷன் ரொஜர்' என்னும் தொண்டமைப்பைத் தொடங்கினார். அதன் வழிமுறை மிக எளிது. தென் மாநிலத்துக் காப்பகமொன்றில் நாயொன்று இருக்கின்றது. அதனை ஏற்று வளர்க்க விரும்பும் குடும்பமோ ஆயிரம் மைலுக்கு அப்பால் வடக்கில் வாழ்கின்றது. அத்திசையிற் சரக்கேற்றிச் செல்லும் சாரதி, தம் அருகிலுள்ள வெற்றிருக்கையை அந்நாய்க்குக் கொடுக்கின்றார். தமது பாதை பிரியுமிடத்தில் மற்றொரு சாரதியிடம் அதனை ஒப்படைக்கின்றார். அடுத்த வாகனம் வரும்வரை இடைவழியில் வாழும் தொண்டர் ஒருவரின் வீட்டில் அது தங்குகின்றது. இதற்கென அவர்கள் ஊதியம் பெறுவதில்லை. பாரவூர்தி எவ்வாறாயினும் அவ்வழியே செல்லத்தான் போகின்றது.

மனிதரே அகதிகளாய் அலையும் உலகில் நாய்க்கு ஊர்தி வேண்டுமா எனச் சிலர் கேட்கக்கூடும். இந்நாட்டிற்கு வந்த புதிதில் நாமும் அவ்வாறே கேட்டோம். ஆயினும் எம் நெஞ்சிலுள்ள ஒன்றை இங்கு மறைத்தல் முறையன்று.

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது எமக்கு வயது 14. மழையில் நனைந்தவாறு நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடி அடியாய் நகர்ந்தோம். எம் தந்தையாரின் துவிச்சக்கரவண்டியில் ஒருபுறம் அரிசி மூட்டை, பின்னால் அம்மம்மா. எமது வீட்டு நாய் சந்திவரை தொடர்ந்து வந்தது. சனநெரிசலில் மிதிபட்டுவிடும் என்றஞ்சித் தந்தையார் கல்லெடுத்து எறிந்து அதனைத் திருப்பி அனுப்பினார். மறு ஆண்டு நாம் ஊர் திரும்பியபோது அதனைக் காணவில்லை. தந்தையார் இறக்கும்வரை அந்நாயின் பெயரைச் சொன்னதில்லை. எந்த உயிரினத்தின் மீதும் கல்லெறிய விரும்பாத மனிதர் அவர். அன்று ஓர் இருக்கை கிடைத்திருந்தால் அக்கல்லை எறிந்திருக்கமாட்டார். அச்சாரதிகள் காப்பது நாயை மட்டுமன்று, அதனை நேசிப்போரின் மனத்தையுங்கூட என்பதை நாம் இவ்வழியாகவே அறிவோம்.

பெற்றோர்களுக்கு இன்னொன்றும் கூற விரும்புகின்றோம். "படிக்காவிட்டால் லொறிதான் ஓட்டவேண்டி வரும்" என்று பிள்ளைகளை வெருட்டுவது கனடாவிலும் எம்மவர் வீடுகளிற் கேட்கின்றது. நெடுஞ்சாலை 401 இல் இரவு பகலாகப் பாரவூர்தி ஓட்டும் தந்தையரின் பிள்ளைகள் எமது வகுப்புகளிலும் அமர்ந்திருக்கின்றனர். அச்சொல்லைக் கேட்டுத் தலை குனிந்த மாணவியை நாம் கண்டுள்ளோம். தொழிலாற் பெருமை சிறுமை கற்பிக்கும் அவ்வார்த்தையை நாம் கைவிடுதல் வேண்டும். தமிழாசிரியர் பாடஞ்சொல்லி விளக்கும் ஈகையைப் பாரவூர்திச் சாரதி செய்து காட்டுகின்றார்.

இப்பொழுது அம்மாணவனுக்கு விடை கூறுவோம். தம்பி, நீர் கேட்டது சரியே. ஒரு தடி போதும். மன்னனிடம் தேர் இருந்தது, கொடுத்தான். எம்மிடம் தேர் இல்லை. ஆனால் நட்டு வைப்பதற்கு ஒரு தடி எல்லோரிடமும் உண்டு. அதனை நடாமற் கடந்து செல்வதே குற்றம்.

சனிக்கிழமைகளில் எமது பள்ளிக்கு வரும் கார்கள் பலவற்றில் ஓரிரு இருக்கைகள் வெறுமையாக உள்ளன. அதே தெருக்களில், அழைத்து வர ஆளில்லாமையால் மாரிகாலத்தில் வகுப்பை விட்டு நின்றுவிடும் பிள்ளைகளும் இருக்கின்றனர். எந்தப் பிள்ளை எந்தத் தெருவில் வாழ்கின்றதென்பதை வகுப்பாசிரியர்கள் அறிவர். இடமுள்ளோர் இவ்விழா முடிந்து வீடு திரும்புமுன் அவர்களிடம் ஒரு சொல் கூறுவீர்களாக.

மாணவச் செல்வங்களே, உங்கள் வீட்டுக் காரில் எத்தனை இருக்கைகள் வெறுமையாக உள்ளன என்று இன்றே எண்ணிப் பாருங்கள். எண்ணியபின் அப்பாவிடமும் அம்மாவிடமும் கேளுங்கள்.