நாலாயிரம் ஆண்டுப் பகை என்னும் பொய்யை நிறுத்துங்கள்

காஸாவில் குண்டு விழும்போதும், இஸ்ரேலிய ஊர்களில் ரத்தம் சிந்தும்போதும் நம் தொலைக்காட்சி விவாதங்களிலும் இதழ்ப் பக்கங்களிலும் ஒரு வசனம் தவறாமல் வந்துவிடுகிறது. ஆபிரகாமின் பிள்ளைகளான ஈசாக்கும் இஸ்மவேலும் பிரிந்த நாளிலிருந்து யூதரும் அரபியரும் அடித்துக்கொள்கிறார்களாம்; இது நாலாயிரம் ஆண்டுப் பகையாம்; யாராலும் தீர்க்க முடியாதாம். மெத்தப் படித்தவர்கள் இதைச் சொல்கிறார்கள். எதிரே இருப்பவர்கள் மறுக்காமல் கேட்டுக்கொள்கிறார்கள். இது பொய். பல்லாயிரம் பேரின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில், பத்து நிமிடம் புத்தகத்தைப் புரட்டினால் தெரிந்துவிடும் உண்மையைத் தேடாமல் பொய்யைப் பரப்புவதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

இவர்கள் சாட்சிக்கு அழைக்கும் வேதாகமமே இவர்களைக் கைவிடுகிறது. ஆபிரகாம் இறந்தபோது ஈசாக்கும் இஸ்மவேலும் சேர்ந்தே தந்தையை அடக்கம் செய்தார்கள் என்றுதான் ஆதியாகமம் சொல்கிறது. வரலாறும் அப்படித்தான். 1099இல் சிலுவைப் போர் வீரர்கள் ஜெருசலேமைப் பிடித்தபோது முஸ்லிம்களையும் யூதர்களையும் ஒன்றாகவே வெட்டிச் சாய்த்தார்கள். 1187இல் நகரை மீட்ட சலாஹுத்தீன் யூதர்களை மீண்டும் குடியேற அனுமதித்தார். யூத மெய்ஞ்ஞானி மைமோனிடிஸ் அவருடைய அரசவை வட்டத்தில் மருத்துவராக இருந்தார். தம் பெரும் தத்துவ நூலை அரபு மொழியில் எழுதினார். 1492இல் ஸ்பெயின் யூதர்களைத் துரத்தியபோது அவர்களுக்குப் புகலிடம் தந்தது உதுமானியப் பேரரசு.

அது பொற்காலமாக இருந்தது என்று நாம் சொல்லவில்லை. இஸ்லாமிய ஆட்சியில் யூதர்கள் தனி வரி கட்டி, இரண்டாந்தரக் குடிகளாகவே வாழ்ந்தார்கள். 1066இல் கிரானடாவில் யூதப் படுகொலை நடந்தது. மைமோனிடிஸின் குடும்பமே அல்மொஹாத் ஆட்சியின் கொடுமைக்கு அஞ்சி கார்டோபாவை விட்டு ஓடியதுதான். ஆனால் இன்று நாம் காணும் போர், ஒரே நிலத்துக்காக இரு தேசிய இனங்கள் மோதும் போர், அந்த நூற்றாண்டுகள் எதிலும் இல்லை. அதற்கு வயது சுமார் நூற்று நாற்பது. அது பிறந்த இடம் ஐரோப்பா.

1881இல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் கொல்லப்பட்டபின், யூதக் குடியிருப்புகள் மீது தொடர் தாக்குதல்கள் கட்டவிழ்ந்தன. லட்சக்கணக்கானோர் மேற்கு நோக்கி ஓடினார்கள். சிறு பகுதியினர் 1882 முதல் பாலஸ்தீனத்துக்குப் போனார்கள். சமத்துவம் பேசிய பிரான்சிலேயே யூதர் என்பதற்காக ராணுவ கேப்டன் டிரேஃபஸ் 1894இல் தேசத்துரோகியாக்கப்பட்டார். ஐரோப்பாவில் யூதருக்குப் பாதுகாப்பே கிடையாது, தனி நாடுதான் வழி என்று முடிவுகட்டிய தியோடர் ஹெர்சல், 1897இல் பாசல் நகரில் முதல் சியோனிச மாநாட்டைக் கூட்டினார். அந்த அச்சம் நியாயமானது. அதற்குப் பின்னர் நடந்தவை அதை மெய்ப்பித்தன.

ஆனால் அவர்கள் தேர்ந்த நிலத்தில் மனிதர்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். ஜெருசலேமின் முன்னாள் மேயர் யூசுஃப் தியா அல் காலிதி 1899 மார்ச்சில் இதைக் கடிதமாகவே எழுதி ஹெர்சலுக்குச் சேர்ப்பித்தார். யூதர்களுக்கு அந்த மண்ணோடு பழைய உறவு உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை. அங்கே வேறு மக்கள் இருக்கிறார்கள், அதை விட்டுவிடுங்கள் என்றுதான் மன்றாடினார். குடியேற்றத்தால் உள்ளூர் மக்களின் செல்வம் பெருகும் என்று ஹெர்சல் பதில் எழுதினார். பெருகியது குடியானவர்களின் துயரம். 1858இல் வந்த உதுமானிய நிலச் சட்டத்துக்குப் பிறகு, வரிக்கும் ராணுவ ஆள்சேர்ப்புக்கும் பயந்த பல உழவர்களின் நிலம் நகரத்துச் செல்வந்தர்களின் பெயரில் பதிவாகியிருந்தது. பெய்ரூட்டில் வாழ்ந்த சுர்சோக் குடும்பம் போன்றோர் அதை யூத நிறுவனங்களுக்கு விற்றார்கள். பத்திரம் செல்லுபடியானது. தலைமுறைகளாக உழுதவன் வெளியேற்றப்பட்டான். இன்றைய மோதலின் முதல் பொறிகள் இப்படிப்பட்ட வயல்களில் விழுந்தன.

பொறியைத் தீயாக்கியது பிரிட்டன். முதல் உலகப் போரில் துருக்கியை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தால் அரபியருக்குச் சுதந்திரம் என்று மெக்காவின் ஆட்சியாளர் ஹுசைனுக்கு 1915–16இல் வாக்களித்தது. பாலஸ்தீனம் அதில் சேர்த்தியா இல்லையா என்பதைத் தெளிவில்லாமல் எழுதி, பிறகு சேர்த்தியில்லை என்று சாதித்தது. 1916இல் சைக்ஸ்–பிக்கோ உடன்படிக்கை மூலம் அதே பரப்பைப் பிரான்சோடு ரகசியமாகப் பங்குபோட்டது. 1917 நவம்பர் 2 அன்று வெளியுறவு அமைச்சர் பால்ஃபரின் பிரகடனத்தின் வழியாக, யூதர்களுக்கு அங்கே தேசியத் தாயகம் அமைய உதவுவதாக அறிவித்தது. மக்களில் பத்துக்கு ஒன்பது பேர் அரபியர். அவர்களுக்குச் சிவில் உரிமையும் சமய உரிமையும் உண்டென்ற அந்தப் பிரகடனம், அரசியல் உரிமை பற்றிப் பேசவே இல்லை. தனக்குச் சொந்தமில்லாத மனையை இருவருக்குக் கிரயம் பேசியவனை ஊர் மோசடிக்காரன் என்றுதான் சொல்லும்.

யூதர் மீதான அன்பினால் பிரிட்டன் இதைச் செய்தது என்றும் யாரும் சொல்ல வேண்டாம். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பிரிட்டனுக்குள் வருவதைத் தடுக்கும் நோக்கோடு 1905இல் அந்நியர் சட்டம் நிறைவேறியபோது பிரதமராக இருந்தவர் இதே பால்ஃபர். பிரகடனத்தைக் கடுமையாக எதிர்த்தவர் பிரிட்டிஷ் அரசிலிருந்த யூத அமைச்சர் எட்வின் மாண்டேகு. மாண்டேகு–செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தத்தால் நமக்குத் தெரிந்த அதே மாண்டேகு.

பாலஸ்தீனம் பிரிட்டிஷ் ஆட்சிக்குள் வந்த பிறகு நடந்தவற்றில் ஒவ்வொன்றுக்கும் தேதி உண்டு. 1920இல் ஜெருசலேமிலும் 1921இல் யாஃபாவிலும் கலவரம். 1929இல் ஹெப்ரானில் 67 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அதே நாளில் பல யூதக் குடும்பங்களை அரபு அயலார் வீட்டுக்குள் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்கள். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் அகதிகள் பெருகினார்கள். 1935ஆம் ஆண்டில் மட்டும் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பாலஸ்தீனம் வந்தார்கள். சொந்த நாட்டில் சிறுபான்மையாகிவிடுவோம் என்று அஞ்சிய அரபியர் 1936இல் கிளர்ந்தெழுந்தார்கள். பிரிட்டிஷ் படை மூன்றாண்டுகள் அவர்களை நசுக்கியது. 1938இல் எவியான் மாநாட்டில் கூடிய 32 நாடுகளில் அநேகமாக எதுவும் யூத அகதிகளுக்குக் கதவைத் திறக்கவில்லை. 1939இல் பிரிட்டனும் பாலஸ்தீனத்தின் கதவைப் பெருமளவு மூடியது. ஐரோப்பாவில் நாஜிகளால் அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள்.

அந்தப் பாவத்துக்கான விலையைக் கொடுக்க வைக்கப்பட்டவர்கள், அதில் பங்கில்லாத மக்கள். 1947 நவம்பர் 29 அன்று ஐ.நா. பொதுச்சபை பாலஸ்தீனத்தைப் பிரிக்கத் தீர்மானித்தது. மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்காக இருந்த யூதர்களுக்குப் பாதிக்கும் அதிகமான நிலம் ஒதுக்கப்பட்டது. எதிர்த்து வாக்களித்த 13 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 1948 ஏப்ரலில் தெய்ர் யாசின் கிராமத்தில் நூறு அரபியருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். சில நாட்களில் ஹதாசா என்னும் யூத மருத்துவமனைக்குச் சென்ற வாகன அணியில் 78 பேர் கொல்லப்பட்டார்கள். மே மாதம் இஸ்ரேல் பிறந்தது. அரபு நாடுகள் படையெடுத்தன. போர் முடியும்போது ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனியர் அகதிகள். மறுபக்கம், இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக ஈராக்கில் வேரூன்றியிருந்த யூத சமூகம் அரசின் ஒடுக்குமுறைக்கும் வன்முறைக்கும் ஆளாகி, 1950–51இல் சுமார் 1,20,000 பேராக நாட்டை விட்டுப் போனது. பண்டைக்காலத்திலிருந்தே பகை என்றால், அத்தனை நூற்றாண்டுகள் அவர்கள் பாக்தாதில் எப்படி வாழ்ந்தார்கள்?

பழம்பகை என்ற கதையால் யாருக்கு லாபம் என்று பாருங்கள். யூத வெறுப்பை வளர்த்த ஐரோப்பா தப்பிக்கிறது. முரண்பட்ட வாக்குறுதிகளை அளித்த லண்டன் தப்பிக்கிறது. நிலத்தை விற்ற செல்வந்தரும், அகதிகளைத் திரும்பவிடாத இஸ்ரேலிய அரசும், தம் நாட்டு யூதர்களைத் துரத்திய அரபு ஆட்சியாளர்களும் தப்பிக்கிறார்கள். இன்று குழந்தைகள் மீது குண்டு வீசுபவரும், வீட்டுக்குள் புகுந்து சுடுபவரும் விதியின் கருவிகளாகிவிடுகிறார்கள். குற்றவாளியே இல்லாத கொலையாக இது மாறிவிடுகிறது. இங்கோ, முஸ்லிம் என்றால் இப்படித்தான், யூதன் என்றால் இப்படித்தான் என்ற நஞ்சு பார்ப்பவர் மனத்தில் இறங்குகிறது.

ஆகவே நாம் கோருவது இவை. ஊடகங்கள் நாலாயிரம் ஆண்டுப் பகை என்ற சொல்லாட்சியைக் கைவிட வேண்டும். இதுவரை சொன்னவர்கள் அதே மேடையில், அதே நேரத்தில் திருத்தம் வெளியிட வேண்டும். விவாதத்துக்கு அழைக்கப்படுபவர் 1917, 1929, 1947, 1948, 1967 ஆகிய ஆண்டுகளில் என்ன நடந்தது என்று தெரிந்தவராக இருக்க வேண்டும். ஆளில்லாத பாலைவனத்தில் யூதர் குடியேறினார்கள் என்று ஒரு சாராரும், யூதருக்கு அந்த மண்ணோடு தொடர்பே இல்லை என்று இன்னொரு சாராரும் சொல்லும்போது நெறியாளர் அந்த இடத்திலேயே மறுக்க வேண்டும். இரண்டும் பொய். உலக வரலாற்றுப் பாடநூல் எழுதுவோர் பால்ஃபர் பிரகடனத்தையும் நாஜிப் படுகொலையையும் பாலஸ்தீனியர் வெளியேற்றத்தையும் ஒரே அத்தியாயத்தில் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒன்றை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னால் மாணவனுக்குக் கிடைப்பது பிரச்சாரம்.

இந்தப் போர் மனிதர் எடுத்த முடிவுகளால் விளைந்தது. அறைகளில் உட்கார்ந்து, பெயர் தெரிந்த மனிதர்கள், தேதியிட்டுக் கையெழுத்திட்ட முடிவுகள் அவை. அப்படி விளைந்ததை மனிதர் எடுக்கும் முடிவுகளாலேயே மாற்றவும் முடியும். அதை மறைப்பவர்கள் சமாதானத்துக்கான கோரிக்கையையே கேலிக்கூத்தாக்குகிறார்கள். திருத்திக்கொள்ளுங்கள், இன்றே, பகிரங்கமாக.