மீனுக்கு மரண தண்டனையா?

அமெரிக்காவில் புளோரிடா மாகாணத்துக் கடலில் கோலியாத் களவா என்றொரு மீன் உண்டு. நம் கடற்கரையில் களவா என்கிறோமே, அந்த வகையில் இராட்சத உருவமுள்ளது. 8 அடி நீளமும் 800 ராத்தல் எடையும் வரை வளரக்கூடியது. மனிதனைக் கண்டு ஓடத் தெரியாத பிராணியானதால், ஈட்டிக்கும் தூண்டிலுக்கும் இரையாகி அநேகமாய் ஒழிந்தே போயிற்று. ஆகவே 1990-ல் அதைப் பிடிக்கக் கூடாதென்று தடை செய்தார்கள். அதன் பலனாய் ஓரளவு பெருகிற்று.

பெருகியதுதான் தாமதம், "மற்ற மீனையெல்லாம் இதுவே தின்று தீர்க்கிறது" என்ற கூக்குரல் கிளம்பிற்று. 2018-ல் வேட்டைப் பிரேரணையை நிராகரித்த அம்மாகாணத்து மீன், வனவிலங்குக் கமிஷனே 2022-ல் மனம் மாறி, சீட்டுக் குலுக்கி ஆண்டுக்கு 200 மீன் வரை பிடிக்க அனுமதிப்பதென்று தீர்மானித்தது. 2023-ல் வேட்டையும் தொடங்கிற்று. இதை நாம் வன்மையாய்க் கண்டிக்கிறோம்.

குற்றஞ்சாட்டுவோரை ஒன்று கேட்கிறோம்: சாட்சியம் எங்கே? இம்மீனின் வயிற்றைச் சோதித்த ஆராய்ச்சிக்காரர்கள் கண்டது பெரும்பாலும் நண்டும், வேகமாய் நீந்தமாட்டாத மீன்களுமேயாகும். தூண்டிலில் மாட்டியதை இது பறித்துக்கொள்வது மெய்தான். பறிகொடுத்தவனுக்குக் கோபம் வருவதும் இயற்கைதான். ஆனால் ஒரு மீனைப் பறிப்பது வேறு, கடலையே காலி செய்வது வேறு. இது மலிந்திருந்த அக்காலத்தில் மற்ற மீன்கள் இல்லாமலா போயின? மனிதன் அளவின்றி வாரியதற்கு வாயில்லாப் பிராணியின் மேல் பழி போடுவது, ஊரில் அம்மை கண்டால் ஒரு கிழவியைச் சூனியக்காரி என்று அடிப்பதற்கே ஒப்பாகும்.

"200 தானே" என்பார்கள். எந்த 200? 24 முதல் 36 அங்குலம் வரையுள்ள இளசுகள். அதாவது ஒரு தடவைகூட இனம் பெருக்காதவை! ஐந்தாறு வருஷம் அலையாத்திக் காட்டோரத்தில் வளர வேண்டிய இவைகளில் ஏராளமானவை 2010-ல் வந்த கடுங்குளிரில் மடிந்தன. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கமும் 2018-ல் இதை ஆபத்துக்குள்ளாகக்கூடிய இனம் என்றே பட்டியலில் வைத்தது. இந்நிலையில் இளசுகளைப் பிடிப்பது விதை நெல்லைக் குத்திச் சோறாக்குவதல்லாமல் வேறென்ன?

தவிரவும், இம்மீனை உயிரோடு காணவே கடலில் மூழ்குவோர் அங்கு வருகிறார்கள். அவர்களால் படகுக்காரன் பிழைக்கிறான், விடுதிக்காரன் பிழைக்கிறான். செத்த மீனோ ஒருவனுக்கு ஒருநாள் பெருமை, அதற்குமேல் ஒன்றுமில்லை.

ஆகையால் பழைய தடையே வேண்டும். மீன் குறைந்ததற்குக் காரணம் தேடுவோர் முதலில் தங்கள் வலையையும் தூண்டிலையும் விசாரிக்கட்டும். தண்டனையைப் பிறகு யோசிக்கலாம்.