முதல் நாள் ஏற வேண்டாம்... பார்த்தால் போதும்!

குழந்தைகள் முதன்முதலில் குதிரை மேல் ஏறுவது பெரும்பாலும் ஒரு போட்டோவுக்காகத்தான். மெரினா மணலில், ஊட்டியில், கொடைக்கானல் ஏரிக்கரையில், சில நேரம் கல்யாண ஊர்வலத்தில். அப்பா தூக்கி உட்கார வைப்பார், அம்மா செல்போனை நீட்டுவார், குழந்தை வீறிட்டு அழும். சுற்றி நிற்பவர்கள் “பயப்படாதே, ஒண்ணும் பண்ணாது” என்று சிரிப்பார்கள். இரண்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் அந்த இரண்டு நிமிடப் பயம் சிலருக்குப் பல வருஷம் போகாது.

அழுகிற குழந்தை மேல் தப்பே இல்லை. சவாரிக் குதிரை ஒன்றின் எடை 400, 500 கிலோ இருக்கும். அதன் முதுகு சுமார் 5 அடி உயரம். வீட்டு ஃபிரிட்ஜின் மேல் உட்கார வைத்துவிட்டு, அந்த ஃபிரிட்ஜ் திடீரென நடக்கவும் ஆரம்பித்தால் எப்படி இருக்கும்? நாலு வயதுப் பிள்ளைக்குக் குதிரை அப்படித்தான் தெரியும்.

இப்போது சென்னையிலும் பெங்களூரிலும் குழந்தைகளுக்கான குதிரையேற்றப் பயிற்சிக்கு மவுசு கூடியிருக்கிறது. இரண்டு நகரங்களுக்கும் நடுவில் இருக்கும் வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பெற்றோரும் கோடை விடுமுறை வந்தால் இதைப் பற்றி விசாரிக்கிறார்கள். எந்த வயதில் சேர்க்கலாம், விழுந்துவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்விகள்தான் முதலில் வருகின்றன. இவற்றுக்கெல்லாம் முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. குதிரையேற்றத்தின் முதல் பாடம் ஏறுவது இல்லை, குதிரையோடு பழகுவது.

குதிரை புழங்கிய மண்

இந்தப் பகுதிக்குக் குதிரை புதிதல்ல. வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தின் தூண்களில் முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் குதிரைகளையும், அவற்றின் மேல் இருக்கும் வீரர்களையும் பார்க்கலாம். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் புரட்சி செய்தபோது, அதை ஒடுக்க ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி தலைமையில் விரைந்து வந்தது குதிரைப்படைதான். சுமார் 25 கிலோமீட்டரை அன்று காலையிலேயே கடந்து வந்துவிட்டார்கள்.

ராணிப்பேட்டை என்ற பெயருக்குப் பின்னாலும் ஒரு குதிரை வீரனின் கதை இருக்கிறது. 1714-ல் ஆற்காடு நவாபின் படையோடு மோதி உயிர்விட்ட செஞ்சி தேசிங்கு ராஜாவோடு, அவருடைய இளம் மனைவியும் உடன்கட்டை ஏறினார். அந்த ராணியின் நினைவாக நவாப் உருவாக்கிய ஊர் என்பதால் ராணிப்பேட்டை ஆனது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. தாத்தா பாட்டிகளைக் கேட்டால் ஜட்கா வண்டிக் காலத்தைப் பற்றிச் சொல்வார்கள்.

இப்படிப்பட்ட ஊர்க் குழந்தைக்கு முதல் வகுப்பைக் கோயில் மண்டபத்திலேயே நடத்தலாம். “வீரன் காலை எங்கே வச்சிருக்கான்? கையில எதைப் பிடிச்சிருக்கான்?” என்று கேட்டால் போதும். பிள்ளைகள் பெரியவர்கள் கவனிக்காததையும் கண்டுபிடித்துச் சொல்வார்கள். கல் குதிரை உதைக்காது, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தொட்டுப் பார்க்கலாம்.

கவனித்த சிறுவன்

கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் சொல்லும் கதை ஒன்று. மாசிடோனியா மன்னர் பிலிப்பிடம் ஒரு குதிரையை விற்கக் கொண்டுவந்தார்கள். யாரையும் அது கிட்டவே சேர்க்கவில்லை. மன்னரின் மகன் அலெக்சாண்டர் அப்போது சிறுவன். பெரியவர்கள் எல்லாரும் குதிரையின் முரட்டுத்தனத்தைப் பார்த்தபோது, அந்தப் பையன் மட்டும் அது தன் நிழலைப் பார்த்து மிரள்வதைக் கவனித்தான். குதிரையைச் சூரியனைப் பார்த்துத் திருப்பினான். நிழல் பின்னால் போனது, குதிரை அடங்கியது. அதன் பிறகுதான் ஏறினான்.

வீரக்கதையாகச் சொல்லப்பட்டாலும் இதில் பெற்றோருக்கு ஒரு பாடம் இருக்கிறது. குதிரை தைரியத்துக்கு அடங்கவில்லை, தன்னைப் புரிந்துகொண்டவனுக்கு அடங்கியது. குதிரை புல் தின்னும் பிராணி. ஆபத்து என்று தோன்றினால் ஓடித் தப்பிப்பதுதான் அதன் இயல்பு. காற்றில் படபடக்கும் பிளாஸ்டிக் பையும், திடீரென விரியும் குடையும் அதற்குப் புலி மாதிரி. இது தெரிந்த குழந்தை, குதிரை அருகே கத்தாது, ஓடாது.

தரையில் முதல் வகுப்பு

நல்ல பயிற்சியாளர் முதல் நாளே குழந்தையைத் தூக்கிக் குதிரை மேல் போட மாட்டார். லாயத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டுவார்.

குதிரையின் கண்கள் தலையின் இரண்டு பக்கங்களிலும் இருப்பதால், ஏறக்குறைய சுற்றிலும் அதற்குத் தெரியும். நேர் பின்னாலும், நெற்றிக்கு நேர் எதிரே மிக அருகிலும்தான் தெரியாது. அதனால் பின்பக்கமாக அதை நெருங்கவே கூடாது. பக்கவாட்டில், தோள் பக்கமாக, மெதுவாகப் பேசிக்கொண்டே போக வேண்டும். முதலில் தொட வேண்டிய இடம் கழுத்தும் தோளும்.

குதிரையின் மனசைக் காதுகளில் படிக்கலாம். இரண்டும் முன்னால் திரும்பியிருந்தால் எதையோ கவனிக்கிறது. பின்னால் மடிந்து ஒட்டிக்கொண்டால் கோபத்தில் இருக்கிறது, விலகிவிட வேண்டும். குழந்தைகளுக்கு இது ஒரு விளையாட்டு போல இருக்கும், சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.

கேரட் கொடுப்பதாக இருந்தால் உள்ளங்கையை நன்றாக விரித்து, அதன் மேல் வைத்து நீட்ட வேண்டும். விரலால் பிடித்து நீட்டினால் விரலையும் சேர்த்துக் கடித்துவிடும். குதிரையைப் பிடிக்கும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. குதிரை மிரண்டு ஓடினால் சுற்றிய கயிறு பிள்ளையையும் இழுத்துக்கொண்டு போகும். பிரஷ் வைத்துத் தேய்த்துவிடுவது, தண்ணீர் காட்டுவது என்று இரண்டு மூன்று வகுப்பு போனால், குழந்தையே “எப்ப ஏறலாம்?” என்று கேட்கும். அதுதான் சரியான நேரம்.

ஏறும்போது

பல பயிற்சிப் பள்ளிகளில் 6 முதல் 8 வயதுக்குள் முறையான வகுப்பு தொடங்குகிறது. அதைவிடச் சின்னப் பிள்ளைகளை, ஒருவர் கயிற்றைப் பிடித்து நடக்க, இன்னொருவர் பக்கத்தில் தாங்கியபடி வர, சிறிது தூரம் கூட்டிப் போகலாம். அப்பா பின்னால் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வது பாதுகாப்பு போலத் தெரியும். உண்மையில் அதுதான் ஆபத்து. விழுந்தால் அப்பாவின் மொத்த எடையும் பிள்ளை மேல் விழும்.

சின்னவர்களுக்குப் பொருத்தம் மட்டக் குதிரை. அதற்கும் ஒரு அளவு உண்டு. குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது என்பது பொதுவான கணக்கு. 200 கிலோ எடையுள்ள மட்டக் குதிரையால் சேணத்தோடு சேர்த்து 40 கிலோ சுமக்க முடியும்.

ஆரம்ப வகுப்புகளில் பயிற்சியாளர் நடுவில் நின்று நீளக் கயிற்றைப் பிடித்திருக்க, குதிரை அவரைச் சுற்றி வட்டமாக நடக்கும். கடிவாளம் பிள்ளையின் கையில் இருக்காது. உடம்பைச் சமநிலையில் வைத்து உட்காரப் பழகுவது மட்டும்தான் வேலை. 20 நிமிடம், அதிகம் போனால் அரை மணி நேரம். வேலூர் வெயிலுக்கு அதிகாலைதான் நல்லது, குதிரைக்கும் சேர்த்து.

தோல் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த வித்தை

சவாரிக்குப் போடும் ஷூவுக்குக் கட்டாயம் சின்னதாக ஒரு குதிகால் இருக்க வேண்டும். கால் வைக்கும் இரும்பு வளையத்தை அங்கவடி என்பார்கள். குதிகால் இல்லாத ஷூவோ செருப்போ போட்டால் கால் அதற்குள் வழுக்கிப் போய் மாட்டிக்கொள்ளும். விழும்போது கால் மாட்டினால் குதிரை இழுத்துக்கொண்டே ஓடும். சவாரியில் மிகவும் பயப்பட வேண்டிய விபத்து இது. கணுக்காலை மூடும், குதிகால் உள்ள, அடிப்பாகம் வழவழப்பான தோல் ஷூ நல்லது. ஆம்பூரில் இதைச் சொன்னால் போதும், விளக்க வேண்டியதில்லை.

சேணத்தைக் குதிரையோடு சேர்த்துக் கட்டும் வயிற்று வாரும், அங்கவடி தொங்கும் வாரும் பெரும்பாலும் தோல்தான். இந்தப் பக்கம் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்டார்கள். இன்று ஷூ கம்பெனியில் வேலை செய்யும் அம்மா, தோலைக் கையில் எடுத்த உடனே தரம் சொல்லிவிடுவார். அந்தக் கண் இங்கேயும் உதவும். வாரை மடித்துப் பார்த்தால் வெடிப்பு தெரிகிறதா? தையல் நூல் இற்றிருக்கிறதா? பக்கிள் ஓட்டை அகன்று கிழியப் பார்க்கிறதா? ஒன்று இருந்தாலும் அந்தச் சேணத்தில் பிள்ளையை ஏற்றக் கூடாது. கேட்கக் கூச்சப்படவும் வேண்டியதில்லை.

தலைக்குக் குதிரையேற்றத்துக்கென்றே செய்த ஹெல்மெட் வேண்டும். ஏஎஸ்டிஎம் எஃப் 1163 அல்லது அதற்கு இணையான தர முத்திரை இருக்கிறதா என்று பார்க்கலாம். சைக்கிள் ஹெல்மெட்டும் பைக் ஹெல்மெட்டும் இதற்கு மாற்று இல்லை. ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. துப்பட்டா, தொங்கும் பை, தளர்வான உடை எதுவும் வேண்டாம்.

லாயத்து மண்ணிலும் சாணத்திலும் டெட்டனஸ் கிருமி இருக்க வாய்ப்புண்டு. 5 வயதிலும், 10 வயதிலும் போட வேண்டிய தடுப்பூசி போட்டாயிற்றா என்று அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டுச் சேர்ப்பது நல்லது. வகுப்பு முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

குதிரையையும் பார்க்க வேண்டும்

சவாரிப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டணத்துக்கு முன்னால் குதிரையைப் பார்க்க வேண்டும். விலா எலும்பு துருத்தியிருக்கிறதா, சேணம் படும் இடத்தில் புண் இருக்கிறதா, நடையில் நொண்டல் இருக்கிறதா? முதுகில் புண் இருக்கும் குதிரை வலியால் துள்ளும், விழுவது பிள்ளை. குதிரையை அடித்து மிரட்டும் இடத்தில் குழந்தையும் அதைத்தான் கற்றுக்கொள்ளும்.

பெண் பிள்ளைகளுக்கு இது எதற்கு என்று தயங்கும் வீடுகளும் உண்டு. ஒலிம்பிக்கில் ஆணும் பெண்ணும் ஒரே போட்டியில் நேருக்கு நேர் மோதுவது குதிரையேற்றத்தில்தான். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் டிரஸாஜ் என்ற நளினப் பிரிவில் இந்திய அணி தங்கம் வென்றது. குதிரையேற்றத்தில் இந்தியாவுக்கு 41 வருஷத்துக்குப் பின் கிடைத்த தங்கம் அது. நால்வர் அணியில் சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங் என்ற இரண்டு பெண்கள். போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றிருக்கிறார்.

ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் பதக்கம் குறியாக இருக்க வேண்டியதில்லை. “இன்னிக்கு வேண்டாம்” என்று குழந்தை சொன்னால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளலாம். பக்கத்து வீட்டுப் பையன் ஏறிவிட்டான் என்று ஒப்பிட்டால், குதிரையோடு சேர்த்து அப்பா அம்மா மேலும் நம்பிக்கை போய்விடும். அன்று தேய்த்துவிட்டு, கேரட் கொடுத்துவிட்டு வரட்டும். அதுவும் வகுப்புதான்.

வகுப்பு முடிந்து வண்டியில் திரும்பும்போது “எவ்வளவு வேகமா போனே?” என்று கேட்பது வழக்கம். அதற்குப் பதிலாக “இன்னிக்குக் குதிரை எப்படி இருந்துச்சு?” என்று கேட்டுப் பார்க்கலாம். “காதை முன்னாடி வச்சிருந்துச்சு, வலது காலை மட்டும் தேய்க்க விடலை” என்று குழந்தை பதில் சொன்னால், தைரியமாக அடுத்த வகுப்புக்கு அனுப்பலாம்.