இரவல் சேலை

"அதுக்கு ஒரு மாட்யூல் இருக்குமே, பாத்தீங்களா?"

எங்கள் தொழிலில் ஒரு நாளைக்கு நாலு தடவையாவது காதில் விழுகிற கேள்வி இது. இணையதளத்தின் அடியில் குக்கீ அறிவிப்புப் பட்டை வர வேண்டும், மாட்யூல் இருக்கும். தேடுபொறிகளுக்காக ஒரு ரோபோட்ஸ் கோப்பு வைக்க வேண்டும், மாட்யூல் இருக்கும். எல்லாப் பக்கத்திலும் ஒரே ஒரு ஸ்கிரிப்ட் வரியைச் சேர்க்க வேண்டும். அதற்கும் இருக்கும், அதுவும் மூன்று பேர் எழுதிய மூன்று. கேட்கிறவர் சோம்பேறி என்று சொல்ல மாட்டேன். தொழில் கற்றுக்கொடுத்தவர்கள் அவரை அப்படித்தான் வளர்த்தார்கள். ஏற்கெனவே ஒருவர் எழுதியதை மறுபடி எழுதுகிறவன் கற்றுக்குட்டி, இறக்கிப் பொருத்திக்கொள்கிறவன் விவரமானவன் என்பது அவர்கள் பாடம்.

அந்தப் பாடம் தப்பு என்பது என் கட்சி. பொதுவாகப் பேசினால் எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள் என்பதால், நான் தினமும் புழங்குகிற நக்ஸ்ட் என்ற ஃபிரேம்வொர்க்கை வைத்தே பேசுகிறேன்.

நக்ஸ்ட், வியூ என்ற ஜாவாஸ்கிரிப்ட் ஃபிரேம்வொர்க்கின் மேல் கட்டப்பட்டது. 2016-ல் பிரான்ஸைச் சேர்ந்த ஷோபன் சகோதரர்கள் தொடங்கியது. அதில் மாட்யூல் என்றால் ஒரு ஃபங்ஷன், அவ்வளவுதான். டெவலப்மென்ட் சர்வரைக் கிளப்பும்போதும் பில்ட் போடும்போதும் ஃபிரேம்வொர்க் அதைக் கூப்பிடும். கூப்பிட்ட நேரத்தில் அது பிளக்இன் சேர்க்கலாம், பக்கங்களின் பட்டியலை மாற்றலாம், சர்வரில் புதுப் பாதை திறக்கலாம், வைட் என்ற பில்ட் கருவியின் அமைப்பையே திருத்தலாம். அதிகாரபூர்வப் பட்டியலில் 200-க்கும் மேற்பட்ட மாட்யூல்கள் இருக்கின்றன. அந்தப் பட்டியலைப் பார்த்துப் பார்த்துத்தான் நமக்கு இரண்டாவது நம்பிக்கையும் வந்து சேர்ந்தது: மாட்யூல் எழுதுவது பெரியவர்கள் வேலை, நமக்குப் பட்டியலில் தேடுவதுதான் வேலை.

இந்தப் பயத்துக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. நக்ஸ்ட் 2-ல் மாட்யூலுக்குள் எல்லாமே 'திஸ்' என்ற ஒற்றைச் சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தன. பிளக்இன் சேர்க்கவும் திஸ், ரூட்டை நீட்டவும் திஸ், ஹூக் மாட்டவும் திஸ். பழக்க தோஷத்தில் யாராவது ஆரோ ஃபங்ஷனாக எழுதிவிட்டால் திஸ் கைநழுவிப் போகும். பிழைச்செய்தியோ வேறு எதையோ சொல்லும். கையைச் சுட்டுக்கொண்டவர்கள் ரெடிமேடே மேல் என்று ஒதுங்கியதில் நியாயம் உண்டு. ஆனால் 2022 நவம்பரில் நக்ஸ்ட் 3 நிலையான பதிப்பாக வந்தபோதே அந்த நியாயம் காலாவதியாகிவிட்டது. நக்ஸ்ட் 2-க்கான ஆதரவும் 2024 ஜூன் 30-உடன் முடிந்தது. பயம் மட்டும் இன்னும் ஆதரவில் இருக்கிறது.

காலாவதியாக்கியது நக்ஸ்ட் கிட். மாட்யூல் எழுதுவதற்கென்றே சேர்த்து வைத்த ஃபங்ஷன்களின் தொகுப்பு. திஸ் இல்லை, மந்திரம் இல்லை; வேண்டிய ஃபங்ஷனை இம்போர்ட் செய்து கூப்பிட வேண்டும். 'டிஃபைன் நக்ஸ்ட் மாட்யூல்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள் (மூலத்தில் சேர்த்து எழுதுவார்கள், தமிழில் அப்படி எழுதினால் மூச்சு வாங்கும்). அதற்கு ஒரு பெயர், கன்ஃபிக்கில் எந்தச் சாவியின் கீழ் அமைப்புகள் வரும் என்ற குறிப்பு, டிஃபால்ட் மதிப்புகள், ஒரு 'செட்டப்' ஃபங்ஷன், இவ்வளவையும் கொடுத்தால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். ஒரே பெயருள்ள மாட்யூலை இரண்டு இடத்தில் சேர்த்திருந்தாலும் ஒரு முறைதான் ஓடும். நக்ஸ்ட்டின் எந்த வெர்ஷனுக்குப் பொருந்தும் என்று எழுதிவைத்திருந்தால், பொருந்தாத இடத்தில் ஓடாது. டிஃபால்ட்டையும் பயனர் கொடுத்ததையும் தானே கலக்கும். இந்தக் கலப்பில் ஒரு குழி உண்டு. டிஃபால்ட்டில் ஒரு அரே வைத்தால், பயனர் கொடுக்கும் அரே அதை மாற்றாது, அதோடு சேர்ந்துகொள்ளும். எனக்கு ஒரு மதியம் முழுக்க இதில் போயிருக்கிறது.

மற்றவை இன்னும் எளிது. 'கிரியேட் ரிசால்வர்', மாட்யூல் எந்த ஃபோல்டரில் இருக்கிறதோ அங்கிருந்து பாதையைக் கணக்கிடும். 'ஆட் காம்பொனென்ட்', 'ஆட் இம்போர்ட்ஸ்', 'ஆட் சர்வர் ஹேண்ட்லர்', 'எக்ஸ்டெண்ட் பேஜஸ்' எல்லாம் பெயரிலேயே வேலையைச் சொல்பவை. 'ஆட் டெம்ப்ளேட்' மட்டும் கொஞ்சம் கில்லாடி. பில்ட் நேரத்தில் ஒரு கோப்பை உருவாக்கித் தரும், ஆனால் நீங்கள் கேட்டாலொழிய அதை வட்டில் எழுதாது. நினைவகத்திலேயே வைத்திருந்து, ஆப் இம்போர்ட் செய்யும்போது கொடுக்கும். எழுதிய மாட்யூலை என்பிஎம் என்ற பொதுக் கிடங்கில் வெளியிடவும் வேண்டாம். புராஜெக்ட்டிலேயே 'மாட்யூல்ஸ்' என்ற ஃபோல்டரில் போட்டால் நக்ஸ்ட் தானாக எடுத்துக்கொள்ளும், அகரவரிசைப்படி. வரிசை முக்கியமென்றால் பெயருக்கு முன்னால் எண் போடலாம்.

இவ்வளவு வசதி கையில் இருந்தும் நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம்? சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்தின் நக்ஸ்ட் ஆப் என் கைக்கு வந்தது. கன்ஃபிக்கைத் திறந்தால் 23 மாட்யூல்கள் வரிசை கட்டி நின்றன. நக்ஸ்ட் 3-க்கு மாற வேண்டிய கட்டம். 22 எப்படியோ ஒத்துக்கொண்டன. ஒன்று மட்டும், பக்கத்தின் தலையில் ஒரு ஸ்கிரிப்டைச் சேர்க்கிற ஒன்று, புது வெர்ஷனுக்கு வரவே இல்லை. அதை எழுதியவர் வேறு வேலைக்குப் போயிருக்கலாம், அலுத்திருக்கலாம். அவரைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை, அவருக்கு நாங்கள் ஒரு ரூபாயும் கொடுத்ததில்லை. ஆனால் காத்திருந்தோம். வாராவாரம் மீட்டிங்கில் அந்த மாட்யூலின் பெயரைச் சொல்லி "இன்னும் வரல சார்" என்று அறிக்கை வாசித்தோம். ஒரு வெள்ளிக்கிழமை, டீமில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத பையன் அதன் சோர்ஸைத் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணா, இதுல முக்கால்வாசி நாம தொடவே தொடாத ஆப்ஷன்" என்றான். அன்று மாலையே கிட்டை வைத்து எழுதினான். 19 வரி.

அந்த 19 வரிக்காகக் காத்திருந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியாதே என்று பாட்டி சொல்வாள். எங்களிடம் கந்தைகூட இல்லை. இரவலைத் தவிர எதையும் உடுத்தத் தெரியாதவர்களாக இருந்தோம்.

காத்திருப்பு சின்ன விலை. பெரிய விலை ஒன்று உண்டு. 2016 மார்ச் 22 அன்று அஸர் கோச்சுலு என்ற டெவலப்பர், ஒரு பேக்கேஜின் பெயரைப் பற்றிய தகராறில் என்பிஎம் எடுத்த முடிவில் கோபப்பட்டு, தான் வெளியிட்டிருந்த 250-க்கும் மேற்பட்ட பேக்கேஜ்களை ஒரேயடியாக விலக்கிக்கொண்டார். அதில் ஒன்று லெஃப்ட்-பேட். ஒரு சொல்லின் இடப்பக்கம் இடைவெளியோ பூஜ்யமோ நிரப்புகிற வெறும் 11 வரி. அதன் பெயரையே கேட்டிராதவர்களின் பில்ட்கள் உலகம் முழுக்க உடைந்தன, ஏனென்றால் பேபல் போன்ற கருவிகள் எங்கோ ஓர் ஆழத்தில் அதைச் சார்ந்திருந்தன. சில மணி நேரத்தில் என்பிஎம் அதைத் திருப்பி வைத்தது. 2018-ல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற பேக்கேஜைப் பராமரித்தவர், உதவ வந்த ஒருவரிடம் நம்பிக்கையோடு பொறுப்பை ஒப்படைத்தார். வந்தவர் உள்ளே சொருகியது கோபே என்ற பிட்காயின் பர்ஸைக் குறிவைத்த திருட்டு நிரல். 2022 ஜனவரியில் கலர்ஸ், ஃபேக்கர் இரண்டையும் எழுதியவரே நாசமாக்கினார். 2025 செப்டம்பரில் ஒரு பராமரிப்பாளர் போலி மின்னஞ்சலில் ஏமாந்ததில் சாக், டீபக் உள்ளிட்ட 18 பேக்கேஜ்களில் விஷம் ஏறியது. எல்லாம் சேர்ந்து வாரத்துக்கு 200 கோடி தடவைக்கு மேல் இறக்கப்படுகிறவை.

இவையெல்லாம் சாதாரண லைப்ரரிகள். லைப்ரரியை நாம் கூப்பிடுகிறோம். மாட்யூலையோ ஃபிரேம்வொர்க்கே கூப்பிட்டு, உட்கார வைத்து, வீட்டுச் சாவிக்கொத்தைக் கையில் கொடுக்கிறது. டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் கிளவுட் சாவிகளும் இருக்கிற பில்ட் மெஷினில் அது ஓடுகிறது. ஒரு ஸ்கிரிப்ட் வரிக்காக இத்தனை பேருக்குச் சாவி கொடுக்கிறவரையா விவரமானவர் என்கிறோம்?

எதிர்ப்பக்கத்தில் நிற்கும் வீரர்களையும் விட்டுவைக்கக் கூடாது. "கிட்டே ஒரு டிப்பென்டன்ஸிதானே, நான் நேரடியாக நக்ஸ்ட்டின் ஆப்ஷன்ஸுக்குள் கையை விட்டு எழுதிக்கொள்வேன்" என்கிறவர்கள். கிட், நக்ஸ்ட்டின் அதே களஞ்சியத்தில் வளர்ந்து அதே வெர்ஷன் எண்ணில் வெளியாவது. அதை நம்பாதவர் நக்ஸ்ட்டையே நம்பக் கூடாது. 'ஆட் பிளக்இன்' வெறும் மேல்பூச்சும் அல்ல. பாதையைச் சீர்செய்கிறது, அதே கோப்பு ஏற்கெனவே பட்டியலில் இருந்தால் பழையதை எடுத்துவிடுகிறது, நீங்கள் கடைசியில் வை என்று சொல்லாதவரை பட்டியலின் முன்னால் வைக்கிறது. கையால் தள்ளுகிறவர் இந்த மூன்றையும் தானே நினைவில் வைத்திருக்க வேண்டும், வைத்திருக்க மாட்டார். இதே வீரர்கள்தான் கிட்டின் 'யூஸ் நக்ஸ்ட்'டைக் கொண்டுபோய் காம்பொனென்ட்டுக்குள் எழுதிவிட்டு, பில்ட் உடைந்தால் ஃபிரேம்வொர்க்கைத் திட்டுவார்கள். அது பில்ட் நேரத்துக்கு உரியது. ஆப் ஓடும்போது வேண்டியது 'யூஸ் நக்ஸ்ட் ஆப்'. பெயர் வைத்தவர்கள் இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கலாம் என்பது வேறு விஷயம்.

அப்படியானால் எதையுமே இறக்கக் கூடாதா? பல மொழிகளில் தளம் நடத்துகிற மாட்யூல், படங்களின் அளவையும் வடிவத்தையும் மாற்றித் தருகிற மாட்யூல், உள்நுழைவைக் கையாள்கிற மாட்யூல், இவற்றை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் தப்பாக எழுதுவேன். நான் வைத்திருக்கிற அளவுகோல் கொஞ்சம் தலைகீழானது. ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் சோர்ஸைப் படித்துவிட முடிகிறதா? அப்படியென்றால் அது நாமே எழுத வேண்டியது. படித்து மாளவில்லையா? அப்போது யாரோ உண்மையிலேயே உழைத்திருக்கிறார்கள், அந்த உழைப்பை நன்றியோடு வாங்கிக்கொள்ளலாம். நடைமுறையில் நாம் செய்வது நேர்மாறு. பெரியதைப் பார்த்தால் "ரொம்ப ஹெவி" என்று தயங்குவோம், சின்னதைக் கேள்வி கேட்காமல் இறக்குவோம். சின்னது என்பதே அதற்கு நற்சான்றிதழ் ஆகிவிடுகிறது.

சில வேளை மாட்யூலே தேவைப்படாது. ரூபாய்த் தொகையை லட்சம், கோடி என்று காற்புள்ளி போட்டுக் காட்ட பேக்கேஜ் தேடுகிற ஆட்களை இன்றும் பார்க்கிறேன். பிரவுசரில் ஏற்கெனவே இருக்கும் 'இன்டல்' நம்பர் ஃபார்மேட்டிடம் இந்தியத் தமிழ் என்று சொல்லி 1234567-ஐக் கொடுத்தால் 12,34,567 என்று திருப்பித் தரும்.

"சரி, நீ எழுதிய மாட்யூலை நீ போன பிறகு யார் பராமரிப்பார்கள்?" என்பது மேனேஜர்களின் கடைசி அஸ்திரம். நல்ல கேள்வி. அந்த 23-ஐ யார் பராமரித்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை என்பதைத் தவிர அதில் குறையொன்றுமில்லை. அந்த 19 வரி எழுதிய பையன் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறான். அவனுக்குப் பின் வந்த பெண், மார்க்கெட்டிங் ஆட்கள் இன்னொரு ஸ்கிரிப்ட் கேட்டபோது, அந்தக் கோப்பைத் திறந்து, யாரிடமும் எதுவும் கேட்காமல், நாலு வரி சேர்த்துவிட்டுச் சாப்பிடப் போனாள்.

23-ல் இப்போது 9 மிச்சம். ஒன்பதாவது அந்தக் குக்கீ பட்டை. அதை எடுக்கலாம் என்கிறேன் நான். சட்ட சம்பந்தமானது, கைவைக்காதீர்கள் என்கிறாள் அவள். சோர்ஸை இன்னும் இரண்டு பேரும் படிக்கவில்லை.