80 வயது டீச்சரம்மாவுக்குத் திறந்த கதவு!

வயது 80. பள்ளிக்கூடத்தில் 35 வருடம் டிராயிங் டீச்சர் வேலை. மூட்டுவாதத்தால் கை சரியாக வராது. கல்யாணம் கிடையாது, தனிக்கட்டை.

இந்த அம்மாளின் ஓவியங்களை மட்டும் வைத்து 1972 ஏப்ரலில் நியூயார்க் விட்னி மியூசியம் கண்காட்சி நடத்தியது. கறுப்பினப் பெண் ஒருவருக்கு அங்கே தனிக் கண்காட்சி நடந்தது அதுதான் முதல் தடவை! அவர் பெயர் அல்மா தாமஸ்.

மியூசியம் இவரைக் "கண்டுபிடித்தது" என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறார்கள். கண்டுபிடிக்க இவர் என்ன காணாமலா போனார்?

எங்கேயும் ஒளியவில்லை

1891-ல் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்தார். நிறவெறிக் கொடுமை தாங்காமல் குடும்பமே 1907-ல் வாஷிங்டனுக்குக் குடிபெயர்ந்தது. 1924-ல் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் ஓவியக்கலைப் பட்டம். அந்தத் துறையின் முதல் பட்டதாரியே இவர்தான். 1960-ல் ரிட்டயர் ஆகும் வரை பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக் கொடுத்தார். 1966-ல் ஹோவர்டிலேயே இவர் படங்களுக்குப் பெரிய கண்காட்சி நடந்தது. பார்க்க நினைத்தவர்கள் பார்த்திருக்கலாமே?

"இது என்ன படம்?"

இவர் படத்தில் ஆள் இருக்காது, வீடு இருக்காது. சிவப்பு, மஞ்சள், நீலம் என்று சின்னச் சின்னத் தீற்றல்கள் வரிசையாகவோ வட்டம் வட்டமாகவோ நிற்கும். நடுநடுவே வெள்ளை எட்டிப் பார்க்கும். "இதை எங்க வீட்டுக் குழந்தைகூடப் போடுமே!" என்பீர்கள்.

உச்சி வெயிலில் ஒரு மரத்தடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். இலை தனியாகத் தெரியாது. ஆடி அசையும் வெளிச்சத் துண்டுகள்தான் தெரியும். வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்ற மரத்தில் அல்மா பார்த்தது அதைத்தான். மரத்தை வரையாமல் அந்த வெளிச்சத்தை வரைந்தார். கைவலியோடு, சின்ன வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து வரைந்தார்.

கதவு தானாகத் திறக்கலை

அப்புறம் 1972-ல் மட்டும் மியூசியத்துக்கு எப்படிக் கண் திறந்தது?

1930-களின் அமெரிக்க ஓவியங்கள் என்று 1968-ல் விட்னி ஒரு கண்காட்சி வைத்தது. கறுப்பின ஓவியர் ஒருவர்கூட அதில் இல்லை. வாசலில் மறியல்! 1970-ல் பெண் ஓவியர்கள் கிளம்பினார்கள். "சரிபாதி இடம் எங்களுக்கு" என்பது கோரிக்கை. கண்காட்சிக் கூடத்துக்குள்ளேயே முட்டைகளை வைத்து எதிர்ப்புக் காட்டினார்கள். 1971-ல் கறுப்பின ஓவியர்கள் மறுபடியும் மறியல். அந்தச் சூடு ஆறுவதற்குள்தான் அல்மாவுக்கு அழைப்பு.

ஆகவே, பாராட்டைப் பங்கு போடுவதாக இருந்தால் முதல் பங்கு அல்மாவுக்கு. அடுத்த பங்கு வாசலில் நின்று கத்தியவர்களுக்கு. மியூசியத்துக்கு மிச்சம் இருந்தால் கொடுக்கலாம்.

"வயசானாலும் சாதிக்கலாம்" என்று இந்தக் கதையை முடித்துவிடுவது சுலபம். நல்ல பாடம்தான். ஆனால் அப்படிச் சொன்னால், தாமதப்படுத்தியவர்கள் சத்தமில்லாமல் தப்பித்துவிடுகிறார்கள். திறமைக்கு வயது தடையில்லை, சரி. சாவி வைத்திருந்தவர்கள் தடையாக இருந்தார்களே, அவர்களை யார் கேட்பது?

ஹோவர்டு கண்காட்சிக்கும் விட்னி கண்காட்சிக்கும் நடுவே ஆறு வருஷம். எழுபது தாண்டிய மனுஷிக்கு ஆறு வருஷம் சும்மாவா? 1978 பிப்ரவரியில் அவர் காலமானார். நாடறிந்த ஓவியராக வாழ்ந்தது ஆறு வருஷத்துக்கும் குறைவு.

அவர் வரைந்த ஒரு படம் 2015-ல் வெள்ளை மாளிகைச் சாப்பாட்டு அறையில் மாட்டப்பட்டது. அந்த மாளிகையின் சேகரிப்பில் கறுப்பினப் பெண் வரைந்த முதல் படம் அதுதான். அதைப் பார்க்க அந்த டீச்சரம்மா இல்லை.