312 கி.மீ. ரேஞ்ச்னு சொல்றாங்க... சென்னை டு திருச்சி சார்ஜ் போடாம போக முடியுமா? எலெக்ட்ரிக் கார் பேட்டரி கணக்கு இதுதான்!

எலெக்ட்ரிக் கார் வாங்கப் போகும் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "ஒரு தடவை சார்ஜ் போட்டா எவ்வளவு தூரம் போகும்?" என்பதுதான். ஆனா, விளம்பரத்தில் இருக்கும் எண்ணை மட்டும் நம்பி வெளியூர் கிளம்பினால் நடுவழியில் திண்டாட வேண்டியிருக்கும். ஏன்?

ரேஞ்ச் எப்படி குறையுது?

2020 ஜனவரியில் அறிமுகமான டாடா நெக்ஸான் எலெக்ட்ரிக் காரையே எடுத்துக்கொள்வோம். பேட்டரி கொள்ளளவு 30.2 யூனிட். சான்றளிக்கப்பட்ட ரேஞ்ச் 312 கி.மீ. அதாவது யூனிட்டுக்கு சுமார் 10 கி.மீ. ஆனால் இது சோதனைக்கூடத்தில், பெரும்பாலும் குறைந்த வேகத்தில் ஓட்டி எடுத்த கணக்கு. நெடுஞ்சாலையில் 100 கி.மீ. வேகத்தில் காற்றைக் கிழித்துக்கொண்டு போக அதிக மின்சாரம் தேவை. ஏசியும் தன் பங்குக்கு இழுக்கும்.

யூனிட்டுக்கு 7 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், மொத்தமே சுமார் 210 கி.மீ.தான்!

80 சதவீதத்துக்கு மேல் ஏன் மெதுவாகிறது?

காலி பஸ்ஸில் சீட் உடனே கிடைக்கும். கூட்டம் ஏற ஏற இடம் தேட நேரமாகும். பேட்டரிக்குள் லித்தியம் அயனிகளுக்கும் இதே நிலைதான். அதனால் ஃபாஸ்ட் சார்ஜரில் 80% தாண்டினால் வேகம் குறைந்துவிடும்.

10 சதவீதத்தைக் கையிருப்பாக வைத்தால், வழியில் 80% வரை ஏற்றும் சார்ஜில் கிடைப்பது சுமார் 147 கி.மீ. சென்னையிலிருந்து திருச்சி சுமார் 330 கி.மீ. முழு சார்ஜுடன் கிளம்பி, 160 கி.மீ. தூரத்தில் விழுப்புரத்தில் 80% ஏற்றினாலும், மீதி 170 கி.மீ.க்கு அது பத்தாது. பெரம்பலூர் பக்கம் இன்னொரு முறை நிறுத்த வேண்டும்.

எந்த பேட்டரி நல்லது?

நெக்ஸான், பிஒய்டி அட்டோ 3 போன்றவற்றில் இருப்பது எல்எஃப்பி. இரும்பு, பாஸ்பேட் கலந்தது. வெப்பத்தைத் தாங்கும், அதிக முறை சார்ஜ் போடலாம். ஆனால் அதே எடைக்கு ரேஞ்ச் குறைவு. ஹூண்டாய் ஐயானிக் 5 போன்றவற்றில் இருப்பது என்எம்சி. நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்தது. ரேஞ்ச் அதிகம், விலையும் அதிகம்.

என்எம்சி என்றால் தினசரி 80% சார்ஜ் போதும். எல்எஃப்பி என்றால் அவ்வப்போது 100% ஏற்றுவது நல்லது. அப்போதுதான் மீட்டர் சரியான சதவீதத்தைக் காட்டும்.

வாங்கும் முன் கேளுங்க!

* பேட்டரி எந்த வகை?
* வாரண்டி எத்தனை வருஷம்? (பல கார்களுக்கு 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கி.மீ.) கொள்ளளவு எவ்வளவு குறைந்தால் மாற்றித் தருவார்கள்?
* வீட்டு பார்க்கிங்கில் சார்ஜர் போட முடியுமா?

மூன்றாவதுதான் ரொம்ப முக்கியம். தினமும் 40, 50 கி.மீ. ஓட்டி, ராத்திரி வீட்டிலேயே சார்ஜ் போடுபவருக்கு ரேஞ்ச் பற்றிய கவலையே வேண்டாம். அபார்ட்மெண்டில் சார்ஜர் வசதி இல்லை என்றால், எவ்வளவு பெரிய பேட்டரி இருந்தாலும் சிரமம்தான்.