பேஸ்பால் கணக்கும் மருந்துக் களங்கமும்

அமெரிக்க பேஸ்பால் ஆட்டத்தில் மிஸ்டர் பாரி பாண்ட்ஸ் அடித்த 762 ஹோம் ரன்களைத் தள்ளிவிட்டு, ஹாங்க் ஆரனின் 755-ஐயே தலைமை ஸ்தானத்தில் வைக்கவேண்டுமென வாதிப்போர் இன்னும் ஓயவில்லை. அது நியாயமன்று என்பது நமது அபிப்பிராயம்.

ஸ்டீராய்டு மருந்தால் பெற்ற புகழ் மாசுற்றதே. 1998-இல் 70 ஹோம் ரன்கள் அடித்த மிஸ்டர் மக்வயர், அவ்வாண்டிலும் மருந்து உபயோகித்ததாக 2010-இல் ஒப்புக்கொண்டார். பாண்ட்ஸோ தாம் அறிந்து உபயோகித்ததில்லை என்கிறார். அவர்மீது 2011-இல் ஏற்பட்ட தீர்ப்பும் 2015-இல் அப்பீலில் ரத்தாயிற்று. சந்தேகம் வலிதுதான். ஆயினும், எத்தனை அடிகளைக் கழிப்பது? மருந்துண்ட பந்தெறிவோரை எதிர்த்து அடித்தவற்றை எந்தக் கணக்கில் எழுதுவது?

1991-லேயே தலைமைக் கமிஷனர் இம்மருந்தை விலக்கிச் சுற்றறிக்கை விடுத்தார். தண்டனையோடு கூடிய பரிசோதனை வந்ததோ 2004-இல்! சட்டமியற்றிக் காவலனை நியமியாத சர்க்காரை நாம் என்னவென்போம்? ஆட்டக்காரர் சங்கமும் பரிசோதனைக்கு வெகுகாலம் முட்டுக்கட்டை போட்டதென்பது மெய். ஆனால் 1994 வேலைநிறுத்தத்தால் வெறுப்புற்ற ஜனங்களை மீண்டும் மைதானத்துக்கு இழுத்தவை 1998-இன் ஹோம் ரன்களன்றோ? டிக்கெட் பணத்தை முதலாளிகள் திருப்பித் தரவில்லை.

பாண்ட்ஸைக் கீர்த்தி மண்டபத்துக்குத் தேர்ந்தெடுக்கப் பத்திரிகையாளர்கள் 2013 முதல் 2022 வரை பத்து முறை மறுத்தனர். அக்காலத்தில் ஆட்டத்தை நிர்வகித்த கமிஷனர் மிஸ்டர் ஸெலிக்குக்கு 2017-லேயே அங்கு இடம் கிடைத்துவிட்டது. எண்கள் இருக்கட்டும்; மருந்துச் செய்தியை இருவர் பெயரின் கீழும் பொறிக்கட்டும்.